ஊதாத நேரத்தில் வரும் களைப்பு

சிங்கப்பூரிலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவருக்கு 27 வயது. உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக பேண்டில் சேர்ந்து, 13 வயதில், சுருண்ட பித்தளைக் குழாயாலான ஊது கருவியான பிரெஞ்சு ஹார்னைக் கையில் எடுத்தவர். இன்று வேலை வேறு, ஆனால் வாசிப்பை விடவில்லை. புதன்கிழமை இரவு ஒரு பேண்டில் இரண்டரை மணி நேரம் ஊதுகிறார். ஆறு மாதம் முன்பு, வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவிலும் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி நேர ஒத்திகை. முதல் ஹார்ன் வாசித்தவர் ஊரை விட்டுப் போய்விட்டதால் அந்த நாற்காலி இவருக்கு வந்துவிட்டது. இப்போது ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் முதல் சிம்பொனி தயாராகிறது. கச்சேரிக்குப் பத்து வாரம் இருக்கிறது.

அவர் எழுதியதில் முக்கியமான பகுதி:

"பேண்டில் கிட்டத்தட்ட இடைவிடாமல் ஊதுகிறேன். முடிந்ததும் உதடு தளர்ந்திருக்கும், ஆனால் அது நன்றாக விளையாடிய பிறகு வரும் அலுப்பு மாதிரி. நண்பர்களோடு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூங்கிவிடுவேன். ஆர்கெஸ்ட்ராவில் மூன்று மணி நேரத்தில் நான் ஊதுவது நாற்பது நிமிடம்கூட இருக்காது. மீதி நேரம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் வெளியே வரும்போது தாடை பூட்டிக்கொள்கிறது, நெற்றிப்பொட்டு வலிக்கிறது, மேலுதடு மரத்துப்போய் ஞாயிறு காலைதான் சரியாகிறது. இரவு தூக்கமும் வருவதில்லை. உடம்பில் தெம்பு குறைந்துவிட்டது என்று நினைத்து வெள்ளிக்கிழமை இரவு இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பயிற்சி செய்கிறேன், சனிக்கிழமை ஒத்திகைக்கு முன்பும் ஒரு மணி நேரம். போன மாதம் இரண்டு முறை, ஒத்திகையின் கடைசியில், ஊதும்போது காற்று மூக்கு வழியாகக் கசிந்தது. அம்மா, 'அப்பாவுக்குக் கண்ணில் அழுத்த நோய் இருக்கு, நீயும் இப்படி மூச்சை முட்டி ஊதினா உனக்கும் கண்ணு போயிடும்'னு தினமும் சொல்றாங்க. பேண்டை விட்டுவிடட்டுமா, ஆர்கெஸ்ட்ராவை விட்டுவிடட்டுமா? என் உதடு கெட்டுப்போய்விட்டதா?"

ஒத்திகையில் நண்பர் ஒருவர் கைபேசியில் எடுத்த நான்கு நிமிட வீடியோவையும் இணைத்திருந்தார். கடிதம் சொல்லாத பலவற்றை அந்த வீடியோ சொன்னது.

தம்பி, உங்கள் உதடு கெட்டுப்போகவில்லை என்றே நினைக்கிறேன். புதன்கிழமை இரண்டரை மணி நேரம் ஊதிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிகிற உதட்டில் தெம்புக் குறை இருக்க முடியாது. ஆனால் இப்போது நீங்கள் செய்துவரும் வைத்தியம், அதாவது கூடுதல் பயிற்சி, நல்ல உதட்டையும் கெடுக்கக்கூடியது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த வீடியோ. நான் அதை ஐந்து முறை பார்த்தேன். முதல் முறை நீங்கள் ஊதியதைக் கேட்டேன். அடுத்த நான்கு முறையும் நீங்கள் ஊதாத நேரத்தை மட்டும் பார்த்தேன். குழுவை நடத்தும் கண்டக்டர் வயலின்காரர்களோடு வேலை செய்கிறார். உங்களுக்கு இருபதுக்கும் மேற்பட்ட பார் (தாளக் கட்டம்) ஓய்வு. மடியில் ஹார்ன் இருக்கிறது, ஆனால் இடது கை விரல்கள் வால்வுகளை அழுத்திப் பிடித்தபடியே இருக்கின்றன. தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறியிருக்கிறது. உங்கள் முறை வர எட்டு பார் இருக்கும்போதே ஹார்னைத் தூக்கி, ஊதும் முனையான மவுத்பீஸை உதட்டில் வைத்து, ஊதப்போவதுபோல உதட்டைக் கட்டிவிடுகிறீர்கள். மூச்சை இழுத்து அடைத்தும் விடுகிறீர்கள். அந்த நொடியில் கண்டக்டர் நிறுத்துகிறார், வயலினில் வில் போகும் திசை பற்றி ஏதோ சொல்கிறார், மறுபடி பத்து பார் பின்னாலிருந்து தொடங்குகிறார். நீங்கள் ஹார்னை இறக்கவே இல்லை. மறுபடி நிறுத்துகிறார். மூன்றாம் முறைதான் ஊதுகிறீர்கள். வருவது நான்கு ஸ்வரம். அந்த நான்கு ஸ்வரத்துக்காக உங்கள் வாய்த் தசைகள் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் இறுகிக் கிடந்தன.

நீங்கள் நாற்பது நிமிடம் ஊதினேன் என்று கணக்கு வைத்திருக்கிறீர்கள். உங்கள் தசைகளின் கணக்கில் அது இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

வாயைச் சுற்றி வளையம் போல ஓடும் தசை ஒன்று, கன்னத்தில் பக்கவாட்டில் ஒன்று, இவற்றோடு தாடையை மூடும் தசைகள். ஊதுகிறவர்கள் உழைப்பது முக்கியமாக இவற்றை வைத்துத்தான். கன்னத் தசைக்கு மருத்துவத்தில் வழங்கும் லத்தீன் பெயரான பக்சினேட்டர் என்பதற்கே எக்காளம் ஊதுபவன் என்று பொருள். எந்தத் தசையும் சுருங்கி விரிந்து வேலை செய்தால் ஒவ்வொரு விரிவிலும் இரத்தம் உள்ளே பாயும், கழிவை அள்ளிக்கொண்டு போகும். சுருங்கியபடியே நின்றுவிட்டால், மெல்லிய சுருக்கமாக இருந்தாலும், இரத்த ஓட்டம் குறையும். கையில் ஒரு செம்புத் தண்ணீரை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள். செம்பு கனமே இல்லை, ஆனால் மூன்று நிமிடத்தில் தோள் கெஞ்சும். அதே செம்பை ஐம்பது முறை தூக்கி இறக்கினால் ஒன்றும் ஆகாது. ஹார்னில் மவுத்பீஸின் பெரும்பகுதி, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, மேலுதட்டின்மேல் உட்காருகிறது. ஊதாமல் அதை அழுத்தி வைத்திருந்தால் மேலுதட்டின் நுண்குழாய்களில் இரத்தம் தடைபடும். மேலுதடு மட்டும் மரத்துப்போவதற்குக் காரணம் அதுதான்.

பேண்டில் உங்களைத் தாங்குவது எது

நம் ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்றால் மெல்லிசைக் குழு என்று பலர் நினைப்பார்கள். ஆகவே இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: இங்கே பேசுவது வயலின் குடும்பத்தை நடுவில் வைத்து, ஊது கருவிகளையும் தாளக் கருவிகளையும் பின்னால் அமர்த்தும் மேற்கத்திய சிம்பொனிக் குழு. பேண்டில் வயலின்கள் கிடையாது. வயலின்கள் செய்யும் வேலையை கிளாரினெட்டுகள் செய்யும், மொத்த இசையையும் ஊதுகிறவர்களே சுமப்பார்கள். அதனால் பேண்டில் எல்லோருக்கும் வேலை அதிகம், ஓய்வு குறைவு.

ஆனால் அங்கே யாரும் தனியாக இல்லை. ஒரே கிளாரினெட் வரியை மூன்று நான்கு பேர் வாசிப்பார்கள். உங்கள் ஹார்ன் வரியைப் பல இடங்களில் ஆல்ட்டோ சாக்சபோன்களும் வாசிக்கும். ஒரு ஸ்வரம் உடைந்தால் பக்கத்தில் இருப்பவர் மூடிவிடுவார். உதடு சோர்ந்தால் நான்கு பார் விட்டுவிட்டு மறுபடி சேர்ந்துகொள்ளலாம். அப்படிச் செய்வது உங்களுக்கே தெரியாத அளவுக்குப் பழகிப்போயிருக்கும். இசை ஓடிக்கொண்டே இருப்பதால் தசைகளும் இறுகுவதும் தளர்வதுமாக இருக்கின்றன. பேண்டில் வருவது உழைப்பின் களைப்பு. அது சாப்பிட்டுத் தூங்கினால் போய்விடும்.

ஆர்கெஸ்ட்ராவில் ஊது கருவிகளுக்கு ஒரு வரிக்கு ஒருவர்தான். முதல் ஹார்ன் வரி என்றால் உலகத்தில் அப்போது அதை வாசிப்பது நீங்கள் மட்டும். அதிலும் ஹார்ன் இரக்கமில்லாத கருவி. எஃப் ஹார்னின், அதாவது எஃப் சுருதியில் அமைந்த ஹார்னின், குழாய் கிட்டத்தட்ட 3.7 மீட்டர் நீளம். மேல் ஸ்தாயியில் ஒரே விரல் வைப்பில் அடுத்தடுத்த ஸ்வரங்கள் நெருக்கமாக நிற்கின்றன, உதடு இம்மி தவறினால் பக்கத்து ஸ்வரம் பேசிவிடும். இதை அறிந்த ஒருவர், முப்பது பார் அமைதியாக இருந்துவிட்டு, குளிர்ந்த உதட்டோடு மெல்லிய ஒலியில் தனியாக நுழைய வேண்டுமென்றால் இறுகாமல் இருப்பது எளிதல்ல. நீங்கள் இறுகியதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. அது பயத்தின் வேலை, அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது.

இந்த விஷயத்தில் உங்கள் வலதுபுறமும் இடதுபுறமும் பாருங்கள். பிராம்ஸின் இந்த சிம்பொனியில் டிராம்போன்காரர்கள் முதல் மூன்று பகுதியும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். நான்காம் பகுதியில்தான் வாயைத் திறக்கிறார்கள், அதுவும் மெதுவாக, சுத்தமாக, ஒரு தேவாலயப் பாடல்போல. ஏறக்குறைய அரை மணி நேரம் காத்திருந்து அப்படி நுழைவது என்ன பாடு என்று அவர்களிடம் கேளுங்கள். ட்வோர்ஷாக்கின் புது உலக சிம்பொனியில் டியூபாவுக்கு இரண்டாம் பகுதியில் மட்டும்தான் வேலை, அதுவும் விரல்விட்டு எண்ணிவிடும் அளவு. அந்த நாற்காலிக்காரர்களும் ஒத்திகை முடிந்து களைத்துத்தான் போவார்கள்.

குளிர், கணக்கு, காது

உதட்டைத் தவிர மூன்று விஷயங்கள் உங்களைக் களைக்க வைக்கின்றன. முதல் இரண்டை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

வெளியே 31 டிகிரி, ஒத்திகை அறையில் ஏர்கண்டிஷன் 22 டிகிரி என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மூச்சின் சூட்டில்தான் ஹார்ன் சுருதியில் நிற்கிறது. ஊதாமல் வைத்தால் குழாய்க்குள் காற்று குளிர்ந்து சுருதி இறங்கும். ஓர் அரை ஸ்வரத்தை 100 பங்காகப் பிரித்தால், ஒரு டிகிரி குளிர்ச்சிக்கு சுமார் 3 பங்கு இறங்கும். ஐந்து டிகிரி குளிர்ந்த ஹார்னோடு நுழைந்தால், காதுள்ள எவருக்கும் தெரியும் அளவுக்குச் சுருதி தாழ்ந்திருக்கும். உடனே நீங்கள் உதட்டை இறுக்கி அதை மேலே தூக்குகிறீர்கள். பேண்டில் ஹார்ன் குளிரவே நேரமில்லை, அதனால் இந்த வேலை அங்கே இல்லை. தீர்வு எளிது: ஓய்வில் இருக்கும்போது சத்தமே வராமல், உதட்டை அதிர விடாமல், சூடான மூச்சைக் குழாய்க்குள் அவ்வப்போது விடுங்கள். வால்வுகளை மாற்றி மாற்றி அழுத்தி எல்லாக் குழாய்க்கும் சூடு போகச் செய்யுங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மூச்சை வெளியே விடுகிறவரால் மூச்சை அடைத்து வைத்திருக்க முடியாது.

அடுத்தது கணக்கு. பேண்டில் உங்கள் தாள் எப்போதும் எஃப் ஹார்னுக்கே எழுதியிருக்கும். பிராம்ஸின் தாளில் சி, ஈ ஃபிளாட், ஈ என்று வெவ்வேறு ஹார்ன்களுக்கு எழுதியிருக்கும். சி ஹார்னுக்கு எழுதியதை எஃப் ஹார்னில் வாசிக்க ஒவ்வொரு ஸ்வரத்தையும் மனதுக்குள் ஷட்ஜத்துக்கும் மத்யமத்துக்கும் உள்ள தூரம் அளவு இறக்க வேண்டும். ஈ ஃபிளாட்டுக்கு முழு ஸ்வரம், ஈ என்றால் அரை ஸ்வரம். இதைச் செய்துகொண்டே பார் எண்ண வேண்டும், நிறுத்தித் தொடங்கும்போது எண்ணை மறுபடி பிடிக்க வேண்டும், ஓபோ என்ற மர ஊது கருவி கொடுத்த சுருதியோடு ஒட்ட வேண்டும். ஆறு மாதம் முன்புவரை இது எதுவும் உங்களுக்கு இல்லை. நெற்றிப்பொட்டு வலிப்பதிலும் தூக்கம் வராததிலும் இதற்குப் பங்குண்டு. எண்ணும் வேலையைக் குறைக்க ஒரு வழி: உங்கள் நுழைவுக்கு முன்னால் வரும் இசையைக் கேட்டுப் பழகி, "ஓபோ இந்த வரியை முடித்ததும் நான்" என்று தாளில் பென்சிலால் எழுதிவையுங்கள். காது சொன்னால் மனம் எண்ண வேண்டியதில்லை.

காதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உரத்த சத்தத்தில் மணிக்கணக்காக இருப்பதே ஒரு களைப்பு. சிங்கப்பூரின் வேலையிடச் சத்த விதிமுறைகள் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று எல்லை வைத்திருக்கின்றன. சத்தம் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் தாங்கும் நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் 1 மணி. பேண்ட் ஒத்திகை அறையில் 90-ஐத் தாண்டுவது சாதாரணம். நீங்கள் சம்பளம் வாங்காமல் வாசிப்பதால் சட்டம் உங்களை அப்படியே காப்பாற்றாது, ஆனால் காதுக்கு சம்பளம் தெரியாது. லண்டனில் ராயல் ஓபரா ஹவுஸில் 2012-ல் வாக்னரின் ஓபரா ஒத்திகையின்போது பித்தளைக் கருவிகளுக்கு முன்னால் உட்காரவைக்கப்பட்ட வயோலா கலைஞர் கிறிஸ்டபர் கோல்ட்ஷைடருக்குக் காது பாதிக்கப்பட்டது. 2018-ல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது, அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் நிர்வாகத்தின் பொறுப்பு உறுதியானது. இசையே வேலை என்பதால் சத்தத்துக்கு விலக்கு கிடையாது என்பதை அந்த வழக்கு நிலைநாட்டியது. இசைக்கலைஞர்களுக்கென்று கிடைக்கும் காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். ஊதும்போது தலைக்குள் சத்தம் அடைத்தாற்போல் இருந்தால், மற்றவர்கள் முழங்கும் இடங்களில் மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமைப் பயிற்சியை இன்றே நிறுத்துங்கள்

களைப்பு என்றால் தெம்பு போதவில்லை, தெம்பு போதவில்லை என்றால் பயிற்சி போதவில்லை. இந்தக் கணக்கு ஓட்டக்காரருக்கு ஓரளவு பொருந்தும். உங்களுக்குப் பொருந்தாது. வெள்ளி இரவு இரண்டு மணி நேரம் ஊதிய உதடு சனி பிற்பகல் வீங்கியிருக்கிறது, ஒத்திகைக்கு முன் ஒரு மணி நேரம் ஊதி அதை இன்னும் வீங்க வைக்கிறீர்கள். வீங்கிய உதடு எளிதில் அதிராது. அதிரவைக்க மவுத்பீஸை இன்னும் அழுத்துகிறீர்கள், அழுத்தினால் இரத்தம் இன்னும் குறைகிறது. மாலையில், வாயின் மேற்கூரையின் பின்பகுதியான மென்அண்ணமும் சோர்ந்துவிடுகிறது.

மூக்கு வழியாகக் காற்று கசிவது அங்கேதான் தொடங்குகிறது. வாய்க்குள் அழுத்தம் ஏறும்போது, மூக்குக்குப் போகும் வழியை மென்அண்ணம் பின்னால் எழும்பி மூட வேண்டும். ஊது கருவிக்காரர்களுக்கு அந்தத் தசை சோர்ந்தால் மூடி திறந்துகொள்ளும். பெரும்பாலும் ஓய்விலும், பேச்சுப் பயிற்சியாளர் சொல்லித்தரும் பயிற்சியிலும் சரியாகிவிடும். ஆனால் இரண்டு முறை வந்துவிட்டதால் அலட்சியம் வேண்டாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் மெல்லிய குழாய்க் கேமராவால் பார்க்கட்டும், முடிந்தால் நீங்கள் ஊதும்போதே பார்க்கட்டும். சாதாரணமாகப் பேசும்போது சரியாக இருக்கும், ஊதும்போது மட்டும் தெரியும் கோளாறு இது. ஆகவே ஹார்னைக் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள்.

எனக்குக் கும்பகோணம் பக்கம். கோயில் திருவிழாவில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவன். இரவெல்லாம் வீதியுலா போகும், ஆனால் இரண்டு நாகஸ்வரமும் ஒரே மூச்சில் ஊதுவதில்லை. ஒருவர் ராகத்தை விரிக்கும்போது மற்றவர் கருவியை இறக்கி, சீவாளியைக் கழற்றி, வாயைத் துடைத்து, உதட்டைத் தளர விட்டு நிற்பார். தவில் தனி தொடங்கினால் இருவருக்கும் ஓய்வு, சுடச்சுட ஏதாவது குடிப்பார்கள். அவர்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்து நான் பார்த்ததில்லை. இறக்கும்போது முழுதாக இறக்குவார்கள். நீங்கள் கற்க வேண்டியது அந்த இறக்கத்தைத்தான். எட்டு பாருக்கு மேல் ஓய்வு என்றால் ஹார்ன் மடியில், விரல்கள் தளர்ந்து, பற்கள் ஒன்றையொன்று தொடாமல், நாக்கு கீழே. நுழைவுக்கு இரண்டு பார் முன்னால் தூக்குங்கள், ஒரு பார் முன்னால் மவுத்பீஸ் உதட்டுக்கு வரட்டும். மூச்சை இழுத்த வேகத்தில் அடைக்காமல் அப்படியே ஊதிவிடுங்கள். கண்டக்டர் நிறுத்தினால் ஒவ்வொரு முறையும் இறக்குங்கள், இரண்டே நொடி என்றாலும் சரி. முதல் இரண்டு வாரம் இரண்டொரு நுழைவு தவறலாம். தவறட்டும்.

அம்மா சொன்னதில் பாதி உண்மை

ஊதினால் இதயம் கெடும், நுரையீரல் வெடிக்கும் என்றெல்லாம் வீடுகளில் சொல்வார்கள். ஆரோக்கியமான 27 வயதுக்காரருக்கு அந்தப் பயம் தேவையில்லை. ஆனால் உங்கள் அம்மா கண்ணைப் பற்றிச் சொன்னதை நான் தள்ளமாட்டேன். டிரம்பெட், ஓபோ, ஹார்ன் போல எதிர்ப்பு அதிகமான கருவிகளை உச்சத்தில் ஊதும்போது கண்ணுக்குள் அழுத்தம் தற்காலிகமாக ஏறுகிறது. ஊதி முடித்ததும் இறங்கிவிடும். சாதாரணக் கண்ணுக்கு இது பொருட்டல்ல. அப்பாவுக்கு கிளாக்கோமா இருக்கும்போது, அந்த நோய் உங்களுக்கு வரும் வாய்ப்பு ஊதினாலும் ஊதாவிட்டாலும் மற்றவர்களைவிடக் கூடுதல். ஆகவே கண் அழுத்தம், பார்வை நரம்பு, பக்கப் பார்வை மூன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். ஹார்ன் வாசிப்பதை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். கண் நன்றாக இருந்தால் அந்தச் சீட்டை அம்மாவிடம் காட்டுங்கள். ஆண்டுக்கொருமுறை பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுங்கள், அவர்கள் அமைதியாவார்கள்.

இவை வந்தால் ஊதுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்

மரத்துப்போவது 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்.

ஊதும்போது உதட்டில் சுருக்கென்ற வலி, அதன் பிறகு ஒரு பக்கம் காற்று ஒழுகுவது, உதட்டில் பள்ளம் போலத் தட்டுப்படுவது. வாய் வளையத் தசை கிழிந்தால் இப்படி ஆகும். இதற்கு ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் செல்லப் பெயரை வைத்து சாட்ச்மோ நோய் என்றே பெயர். உதட்டைப் பாடாய்ப் படுத்தி ஊதியவர் அவர்.

வலியே இல்லாமல், குறிப்பிட்ட சில ஸ்வரங்களில் மட்டும் உதடு சொன்னபடி கேட்காமல் நடுங்குவது அல்லது இழுத்துக்கொள்வது. இதை நான் தனியாக வலியுறுத்துகிறேன். இது தசையின் களைப்பல்ல, மூளை உதட்டை இயக்கும் விதத்தில் வரும் கோளாறு. நல்ல கலைஞர்கள் இதைப் பயிற்சிக் குறைவு என்று நினைத்து மாதக்கணக்கில் ஊதி ஊதி மோசமாக்கிக்கொள்கிறார்கள். இதற்கு நரம்பியல் மருத்துவர் வேண்டும். உங்கள் கடிதத்தில் இதற்கான அறிகுறி எதுவும் இல்லை.

விடுவதா, கேட்பதா

பேண்டை விட்டுவிட்டால் ஆர்கெஸ்ட்ராவுக்குத் தெம்பு மிஞ்சும் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது தவறாகப் படுகிறது. உங்கள் உதட்டின் வலுவும், ஊதுவதில் உள்ள சந்தோஷமும் புதன்கிழமையிலிருந்துதான் வருகின்றன. அதை நீக்கினால் வாரத்தில் மிஞ்சுவது பயந்து பயந்து ஊதும் ஒரு மாலை மட்டும். ஆர்கெஸ்ட்ராவை விடுவது உடலுக்கு எளிய வழி, அதை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் கடிதத்தின் கடைசியில், பிராம்ஸின் நான்காம் பகுதியில் வரும் ஹார்ன் தனி வாசிப்பைப் பற்றி நீங்கள் எழுதிய ஆறு வரியைப் படித்தபோது, விட்டால் வருந்துவீர்கள் என்று பட்டது. மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: இரண்டையும் வைத்துக்கொண்டு, முதல் ஹார்னின் சுமையைப் பகிர்வது.

"உதவி ஹார்ன் கேட்டால் பலவீனம் என்று நினைப்பார்களோ" என்று கேட்டிருக்கிறீர்கள். நினைக்கமாட்டார்கள், ஏனென்றால் சம்பளம் வாங்கும் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களிலேயே முதல் ஹார்னுக்குப் பக்கத்தில் இன்னொருவரை உட்கார வைப்பது நெடுநாள் வழக்கம். ஹார்ன்காரர்கள் அவரை பம்பர் என்பார்கள். எல்லோரும் சேர்ந்து முழங்கும் இடங்களை அவர் வாசிப்பார், தனியாக வரும் இடத்துக்கு முதல் ஹார்ன் உதட்டைச் சேமித்து வைப்பார். நீங்கள் வாசிக்கும் சிம்பொனியையே பாருங்கள். நான்காம் பகுதியின் முன்னுரையில் வரும் அந்த ஆல்ப்ஸ் மலை ராகத்தை பிராம்ஸ் 1868-ல் பியானோ கலைஞர் கிளாரா ஷூமனுக்குப் பிறந்தநாள் வாழ்த்தாக எழுதி அனுப்பினார். 1876-ல் சிம்பொனி அரங்கேறியபோது அது முதல் ஹார்னின் கையில் இருந்தது. ஆனால் அதை ஒருவர் தலையில் மட்டும் அவர் கட்டவில்லை. நீண்டு நிற்கும் ஸ்வரங்களில் இரண்டாம் ஹார்ன் வந்து சேர்ந்து தாங்குகிறது. முதல் ஹார்ன் மூச்செடுக்கும்போது ஒலி அறுவதில்லை. சுமையைப் பகிர்வது அந்தத் தாளிலேயே இருக்கிறது. அதைக் காட்டியே கேளுங்கள்.

கேட்கும்போது முதலில் உங்கள் ஹார்ன் வரிசையில் மூத்தவரிடம் பேசுங்கள், பிறகு இருவரும் சேர்ந்து கண்டக்டரிடம் போங்கள். இரண்டு விஷயம் போதும். ஒன்று, முழு முழக்கப் பகுதிகளுக்கு ஒரு துணை. ஆள் கிடைக்காவிட்டால், ஒத்திகையில் அந்தப் பகுதிகளை நீங்கள் மெதுவாகவோ ஒரு ஸ்தாயி கீழேயோ வாசிக்க அனுமதி. முன்கூட்டிச் சொல்லிவிட்டால் எந்தக் கண்டக்டரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். இரண்டாவது, ஒத்திகை வரிசை. வயலின்காரர்களின் வில் வேலையை முதல் 45 நிமிடத்தில் முடித்துவிட்டு ஊது கருவிக்காரர்களைப் பிறகு வரச்சொன்னால், பத்துப் பதினைந்து பேர் வெறுமனே இறுகி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. டிராம்போன்காரர்கள் உங்களுக்கு முதல் ஆதரவாக நிற்பார்கள். நடுவில் 20 நிமிட இடைவேளை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் அதையும் கேளுங்கள்.

முதல் வாரம் இரண்டு ஒத்திகைக்கும் போய் உட்காருங்கள், ஆனால் பாதிதான் ஊதுங்கள். வீட்டில் மூன்று நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், நடு ஸ்தாயியில் மெதுவாக. சனிக்கிழமை ஒத்திகைக்கு முன் பத்து நிமிடத்துக்கு மேல் ஊத வேண்டாம். இரண்டாம் வாரத்திலிருந்து புதன்கிழமை முழுதாக ஊதலாம். சனிக்கிழமை இறக்கி ஏற்றும் பழக்கத்தோடு, துணையோடு. வெள்ளிக்கிழமை ஹார்ன் பெட்டி திறக்கவே கூடாது. அன்று மாலை தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, பதிவைக் கேட்டபடி நுழைவுகளைக் குறியுங்கள்.

கண் பரிசோதனையை முதலில் முடியுங்கள், மென்அண்ணப் பரிசோதனை அதற்கடுத்து. மூன்று வாரம் கழித்து இரண்டின் முடிவையும், மூக்கு வழியாகக் காற்று மறுபடி வந்ததா என்பதையும், ஞாயிறு காலை மேலுதடு எத்தனை மணிக்குத் தெளிந்தது என்பதையும் எழுதுங்கள். இன்னொரு வீடியோவும் அனுப்புங்கள். இந்த முறை கேமராவைக் கொஞ்சம் தள்ளி வைத்து எடுக்கச் சொல்லுங்கள். போன தடவை உங்கள் பாதங்கள் பாதிதான் தெரிந்தன, நாற்காலிக் காலைச் சுற்றிப் பின்னிக்கொண்டிருந்தன என்று நினைக்கிறேன். அவை தரையில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.